செக் எங்கே நின்றது?



போன மாதம் காலை நடைப்பயிற்சியின்போது சி பிளாக் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அங்கிள், இப்ப காலையில செக் போட்டா அன்னைக்கே பணம் வந்துடுது. உங்க காலத்துல மட்டும் ஏன் மூணு நாள், நாலு நாள் ஆச்சு? எல்லாரும் டீ குடிக்கப் போயிடுவீங்களா?" விளையாட்டாகத்தான் கேட்டார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை. 38 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். அந்த மூன்று நாளும் செக் எங்கே நின்றது என்று அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. செயலாளர் இந்த இதழுக்குக் கட்டுரை கேட்டுக்கொண்டே இருந்ததால், எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

போன மழைக்காலத்தில் பி பிளாக் தரைத்தளத்தில் கழிவுநீர் எதிர்த்து வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆளுக்கொரு யோசனை சொன்னோம். குழாயைப் பெரிதாக்க வேண்டும் என்றார் ஒருவர், மோட்டாரை மாற்ற வேண்டும் என்றார் இன்னொருவர். வந்த பிளம்பர் எதையும் காதில் வாங்காமல் ஒவ்வொரு சேம்பர் மூடியாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனார். ஒரு சேம்பரில் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. அடுத்தது காய்ந்து கிடந்தது. "ரெண்டுக்கும் நடுவுல தான் சார்" என்று குச்சியை விட்டார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. செக்கின் கதையும் இந்த மூடிகளைத் திறந்து பார்த்த கதைதான். முதல் மூடியைத் திறக்க லண்டனுக்குப் போக வேண்டும்.

18-ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் லொம்பார்டு தெருவிலும் அதைச் சுற்றிலும் தனியார் வங்கிகள் பல இருந்தன. உங்கள் வங்கியில் நீங்கள் போடும் செக் இன்னொரு வங்கியின் மேல் எழுதப்பட்டதாக இருந்தால், யாராவது அதை அந்த வங்கிக்கு எடுத்துப்போய்ப் பணம் வாங்கி வர வேண்டும். அதற்கென்றே நடை குமாஸ்தாக்கள் இருந்தார்கள். ஒவ்வொரு வங்கியின் குமாஸ்தாவும் தினமும் மற்ற எல்லா வங்கிகளுக்கும் நடந்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 வங்கி இருந்தால் ஒவ்வொருவரும் 29 படி ஏற வேண்டும். மொத்தம் 870 வருகை. நான் உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு திரும்பும் அதே தெருவில், உங்கள் ஆள் என்னிடம் பணம் வாங்க எதிரே வந்துகொண்டிருப்பார். இருவர் பையிலும் பணம். வழிப்பறிக்கும் குறைவில்லாத ஊர்.

இதற்குத் தீர்வு கண்டவர்கள் முதலாளிகள் அல்ல, அந்தக் குமாஸ்தாக்களேதான். நடந்து களைத்தவர்கள் ஒரே இடத்தில் கூடி, "உன் செக் இது, என் செக் அது" என்று மாற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அப்படிக் கூடிய இடங்களில் லொம்பார்டு தெருவின் 'ஃபைவ் பெல்ஸ்' என்ற மதுக்கடையும் ஒன்று. (டீக்கடை பற்றிக் கேட்ட தம்பி இதைக் கவனிக்கவும்.) 1770-களில் இதற்கென்று தனி அறையே வாடகைக்கு எடுத்தார்கள். 870 நடை, 30 நடையாகச் சுருங்கியது. யாரும் வேகமாக நடக்கவில்லை, ஆளும் கூட்டவில்லை. நடையையே எடுத்துவிட்டார்கள்.

அடுத்த அடைப்பு காசில் வந்தது. இரண்டிரண்டு பேராகக் கணக்குத் தீர்த்தால் ஒவ்வொரு ஜோடிக்கும் நோட்டு கைமாற வேண்டும். மொத்தமாகக் கூட்டி, நாள் முடிவில் ஒவ்வொரு வங்கியும் எல்லோருக்குமாகச் சேர்த்து எவ்வளவு தர வேண்டும் அல்லது பெற வேண்டும் என்ற ஒரே ஒரு எண்ணைக் கண்டுபிடித்தால் போதும். இதை நேரில் பார்த்து எழுதியவர் சார்லஸ் பாபேஜ். கம்ப்யூட்டரின் முன்னோடியை வடிவமைத்தாரே, அவரேதான். 1832-இல் வந்த அவருடைய புத்தகத்தில் அந்த அறை வருகிறது. சுமார் 30 குமாஸ்தாக்கள் அகர வரிசைப்படி மேஜைகளில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு பெட்டி, தலைக்கு மேல் சுவரில் அவரவர் வங்கியின் பெயர். மற்ற வங்கி ஆட்கள் வரிசையாக வந்து அந்தப் பெட்டிகளில் செக்குகளைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு நாளில் சராசரியாக 25 லட்சம் பவுன் இப்படித் தீர்ந்தது என்றும், அதற்குக் கைமாறியது சுமார் 2 லட்சம் பவுனுக்கு நோட்டும் வெறும் 20 பவுனுக்கு நாணயமும்தான் என்றும் பாபேஜ் எழுதியிருக்கிறார். பி.காம். படித்தபோது எனக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்தால் கணக்கியல் மேல் கொஞ்சம் கூடுதல் பிரியம் வந்திருக்கும். 1854-இல் அந்த நோட்டும் தேவையற்றுப் போனது. எல்லா வங்கிகளும் பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் கணக்கு வைத்து, மீதியை அங்கேயே வரவு பற்று எழுதிக்கொண்டன. நியூயார்க்கில் 1853-ஆம் ஆண்டு அக்டோபரில் இதே முறை வந்தது. அதுவரை அங்கும் போர்ட்டர்கள் பையுடன் நடந்துகொண்டுதான் இருந்தார்கள்.

1981-இல் நான் வேலையில் சேர்ந்தபோது சென்னையில் கண்டது ஏறக்குறைய பாபேஜ் கண்ட அறைதான். ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கியில் ஒவ்வொரு வங்கிக்கும் ஓர் இடம், கட்டுக்கட்டாகச் செக், மேலே ஷெட்யூல். கொடுத்ததும் வாங்கியதும் பைசா சுத்தமாக டேலி ஆக வேண்டும். ஒரு செக்கில் 5,400 என்பதை 4,500 என்று பட்டியலில் எழுதிவிட்டால் அவ்வளவுதான், அந்த 900 ரூபாயைத் தேடி ராத்திரி வரை உட்கார்ந்திருக்க வேண்டும். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் எண் இடம் மாறியிருக்கிறது என்பது எங்கள் தொழில் ரகசியம். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள், பால் கணக்குக்கு உதவும்.

ஆனால் கூடம் மட்டும் இருந்தால் போதாது என்ற நிலை அமெரிக்காவில் முப்பது வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே செக் வெள்ளம்போல் பெருகியது. கலிபோர்னியாவின் பேங்க் ஆஃப் அமெரிக்கா அப்போது உலகிலேயே பெரிய வங்கி. செக்குகள் கிளைக்கு வந்து சேர்ந்துவிடும். அவற்றைக் கணக்கில் ஏற்ற ஆளில்லை. மாலைக்குள் ஏற்றி முடிக்க வேண்டும் என்பதற்காக மதியம் 2 மணிக்கே கதவைச் சாத்தினார்கள். வாடிக்கையாளர் வரிசை நீளமாகிறது என்று கவுண்டரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உள்ளே மலை இன்னும் உயர்ந்திருக்கும். தண்ணீர் நின்ற சேம்பர் புத்தகம் எழுதும் மேஜை.

1950-இல் அந்த வங்கி ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தை அணுகியது. இயந்திரம் செய்ய வந்த பொறியாளர்கள் முதலில் கண்டுபிடித்தது இயந்திரத்தோடு சம்பந்தமே இல்லாத விஷயம். கணக்குகள் பெயரின் அகர வரிசையில் இருந்தன. புதிதாக ஒருவர் கணக்கு தொடங்கினால் நடுவில் செருக வேண்டும்; பட்டியல் முழுவதும் நகரும். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். ஆகவே முதல் வேலையாக ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். இன்று நீங்கள் மனப்பாடமாக ஒப்பிக்கும் கணக்கு எண் இப்படி ஓர் அடைப்பை எடுக்க வந்ததுதான். இரண்டாவது, அந்த எண்ணை இயந்திரம் படிக்க வேண்டும். செக்கின் மேல் முத்திரை விழும், பேனா கிறுக்கும், மடிப்பு விழும். அதனால் காந்தத் தன்மையுள்ள மையில் அச்சடித்தார்கள். மேலே எது விழுந்தாலும் இயந்திரம் காந்தத்தை மட்டும் படிக்கும். எர்மா என்ற பெயரில் 1959-இல் அந்த இயந்திரம் வேலைக்கு வந்தது. அறிமுக விழாவைத் தொகுத்து வழங்கியவர் அப்போது தொலைக்காட்சியில் இருந்த ரொனால்ட் ரேகன்.

உங்கள் செக் புத்தகத்தை எடுத்து அடிப்பக்கம் பாருங்கள். விசித்திரமான தடித்த எண்கள் இருக்கும். அதுதான் எம்.ஐ.சி.ஆர். அதில் 9 இலக்கத் தொகுதி ஒன்று உண்டு. முதல் மூன்று ஊர். சென்னைக்கு 600, நம் பின்கோடின் தொடக்கம்தான். அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. இந்த முறை 1980-களில் நம் பெருநகரங்களுக்கு வந்தது. அப்போது ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையிலான குழு வங்கிகளை இயந்திரமயமாக்குவது பற்றி 1984-இல் அறிக்கை தந்தது. யூனியன் கூட்டங்களில் காரசாரமாகப் பேசினோம். வேலை போய்விடும் என்று நானும் கோஷம் போட்டவன்தான், மறைக்கவில்லை.

சென்னையில் அந்த இயந்திரம் வந்த பிறகு எங்கள் கிளையில் நடந்ததைச் சொல்கிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

இயந்திரம் இரவிலேயே செக்குகளைப் பிரித்துவிடும். காலையில் எங்கள் கிளைக்கு உரியவை கட்டாக வந்து இறங்கும். ஒவ்வொரு செக்கிலும் கையெழுத்து சரியா என்று மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒப்பிட வேண்டும். அதை ஓர் அதிகாரிதான் செய்ய வேண்டும். சரியில்லாத செக்கைக் குறித்த நேரத்துக்குள் திருப்பி அனுப்பவில்லை என்றால் பொறுப்பு எங்கள் தலையில். மதியம் பார்த்தால் அந்த அதிகாரியின் மேஜையில் இரண்டு கட்டுகள் மலைபோல் இருக்கும். அடுத்த மேஜையில் பதிவு எழுதும் நாங்கள் மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வெளியே நிற்கிறவர்கள் எங்களைத்தான் பார்ப்பார்கள், முணுமுணுப்பார்கள். நிற்கிற சேம்பரும் காய்ந்த சேம்பரும் அடுத்தடுத்து இருந்தன. மேலிடத்துக்குப் புகார் போனது. அவர்கள் எங்கள் கிளைக்குக் கூடுதலாக இரண்டு கிளார்க்குகளை அனுப்பினார்கள். இரண்டு பேரையும் முன்னால் செக் வாங்கும் கவுண்டரில் போட்டோம். வரிசை குறைந்தது, பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அந்த அதிகாரியின் மேஜை மட்டும் அப்படியே இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் மூன்று, இப்போது ஐந்தாகிவிட்டோம்.

இதைச் சரிசெய்தவர் எங்கள் அட்டெண்டர். அவர் ஒருநாள் சொன்னார்: "சார் கையெழுத்தைப் பாக்கற நேரம் கம்மி. கார்டைத் தேடற நேரம்தான் ஜாஸ்தி." உண்மை. செக்குகள் வந்த வரிசை ஒன்று, அட்டைப் பெட்டியின் வரிசை வேறொன்று. அதிகாரி ஒவ்வொரு செக்குக்கும் எழுந்து போய் இழுப்பறையைத் திறந்துகொண்டிருந்தார். மறுநாள் முதல் நாங்கள் செக்குகளைக் கணக்கு எண் வரிசையில் அடுக்கினோம். அட்டெண்டர் அட்டைகளை அதே வரிசையில் எடுத்து செக்கோடு சேர்த்து வைத்தார். அதிகாரி நாற்காலியை விட்டு எழவே இல்லை. பார்ப்பது, இனிஷியல் போடுவது, அவ்வளவுதான். இரண்டு மணிக்கு முடிந்த வேலை பன்னிரண்டுக்கு முன்பே முடிந்தது. செலவு ஒரு பைசா இல்லை. பாராட்டுக் கடிதமும் இல்லை.

பிற்காலத்தில் என் மகன் எம்.பி.ஏ. படிக்கும்போது எலியாஹு கோல்ட்ராட் என்பவர் எழுதிய 'த கோல்' என்ற நாவலைக் கொண்டுவந்தான். ரங்கராஜன் குழு அறிக்கை வந்த அதே 1984-இல் வந்த புத்தகம். ஒரு தொழிற்சாலை, ஒரு மேலாளர், மூடப்போகிறார்கள் என்ற மிரட்டல் என்று கதை போகும். எந்த இயந்திரத்தின் முன்னால் சரக்கு குவிந்திருக்கிறதோ அதுதான் மொத்த ஆலையின் வேகம். மற்ற இயந்திரங்களை முடுக்கினால் குவியல்தான் கூடும் என்பது அதன் சாரம். மகன் பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னான். நான் அட்டெண்டரைப் பற்றிச் சொன்னேன். அவன் நம்பினானா என்று தெரியாது.

இதோடு நிறுத்தினால் நாங்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று ஆகிவிடும். அதனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே கிளைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். பெண்ணின் கல்யாணத்துக்காகப் போட்ட செக், மண்டபத்துக்குப் பாக்கி கட்ட வேண்டும். முதல் நாள் வந்தார், "க்ளியரிங்கில் இருக்கும்மா" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் அவர் கவுண்டரிலேயே நின்றுகொண்டார், நகரவில்லை. சத்தமும் போடவில்லை. வேறு வழியில்லாமல் தேடினேன். செக் என் இழுப்பறையில் இருந்தது. சலானில் எண்ணால் எழுதிய தொகையும் எழுத்தால் எழுதியதும் பொருந்தவில்லை என்று 'பிறகு பார்க்கலாம்' கட்டில் தனியாக எடுத்து வைத்தது நானேதான். மூன்று நாளும் அது ரிசர்வ் வங்கிப் பக்கமே போகவில்லை. 'க்ளியரிங்' என்ற வார்த்தை எங்களுக்கு அவ்வளவு வசதியாக இருந்தது. ஆகவே சி பிளாக் தம்பி, உங்கள் கேள்வியில் கொஞ்சம் நியாயம் உண்டு. அந்த அம்மா பிறகு என்னிடம் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தது. எனக்குப் போகத் துணிவில்லை.

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படிப்பதும் பிரிப்பதும் வேகமானபின் மிஞ்சிய அடைப்பு காகிதத்தின் பயணம். வெளியூர் செக் தபாலில் போய், தபாலில் பணம் வர வாரக்கணக்கில் ஆகும். அமெரிக்காவில் செக்குகள் விமானத்தில் பறந்தன. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமானங்கள் நிறுத்தப்பட்டபோது செக்குகளும் தரையில் நின்றன. அதன் பிறகுதான் அங்கே 2003-இல் 'செக் 21' சட்டம் வந்து, செக்கின் நகலையே செக்காக ஏற்றார்கள். நம் நாட்டிலும் அடைப்பு சட்டத்தில்தான் இருந்தது. காகிதச் செக் பணம் தர வேண்டிய வங்கிக்கு நேரில் போயாக வேண்டும் என்பது 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம். எவ்வளவு நல்ல ஸ்கேனர் வாங்கினாலும் அந்தச் சட்டம் இருக்கும்வரை பயனில்லை. 2002-இல் அதைத் திருத்தி, மின்னணுப் படம் போதும் என்றார்கள். புது தில்லியில் 2008 பிப்ரவரியிலும், நம் சென்னையில் 2011 செப்டம்பரிலும் இந்த முறை தொடங்கியது. இப்போது நீங்கள் போடும் செக் போட்ட வங்கியிலேயே தங்கிவிடுகிறது. படம் மட்டும் போகிறது. 2025 அக்டோபர் 4 முதல் அதையும் கட்டுக்கட்டாகச் சேர்த்து அனுப்பாமல், ஸ்கேன் ஆனதும் தொடர்ச்சியாக அனுப்பும் ஏற்பாடு வந்திருக்கிறது. தம்பி சொன்ன அதே நாள் வரவு இதனால்தான்.

இவ்வளவும் எழுதிவிட்டு, நம் சங்கத்துக்கு வரும் பராமரிப்புச் செக் இப்போது எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். பெரியவர்கள் பலர் இன்னும் செக்தான் தருகிறார்கள், நானும்தான். அலுவலக வாசலில் இருக்கும் நீலப் பெட்டியில் போடுகிறோம். 3-ஆம் தேதி புதன்கிழமை நான் போட்ட செக் வங்கிக்குப் போனது 8-ஆம் தேதி திங்கட்கிழமை. வங்கியில் அன்றைக்கே வரவாகிவிட்டது. இடைப்பட்ட ஐந்து நாளும் செக் நம் வாசலிலேயே இருந்திருக்கிறது. விசாரித்தேன். பெட்டியைச் சனிக்கிழமைதான் திறக்கிறார்கள், ஏனென்றால் சாவி ஒன்றுதான், அது பொருளாளரிடம் இருக்கிறது, அவருக்குச் சனிக்கிழமைதான் விடுமுறை. பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது. தாமதக் கட்டணம் போட்டுவிட்டார்கள் என்று ஏ பிளாக்கில் இரண்டு வீட்டார் கோபமாக இருப்பதற்கும், லிஃப்ட் பராமரிப்புக்காரர் பணம் வரவில்லை என்று போன் செய்வதற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். லிஃப்ட்காரர் விஷயத்தில் கூடுதலாக ஒன்று: காசோலையில் இரண்டு கையெழுத்து வேண்டும், இரண்டாமவர் மகளைப் பார்க்கப் பெங்களூரு போயிருக்கிறார்.

இரண்டாவது சாவி செய்ய நம் தெருமுனைக் கடையில் கேட்டேன். 60 ரூபாய். அலுவலக மேலாளரிடம் ஒன்று இருக்கட்டும், தினமும் 11 மணிக்குத் திறந்து பதிவேட்டில் எழுதிக்கொள்ளட்டும் என்றும், கையெழுத்திட மூன்றாவதாக ஒருவரைச் சேர்க்கலாம் என்றும் அடுத்த பொதுக்குழுவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். கடிதத்தை எங்கே போடுவது என்று கேட்டதற்கு, நீலப் பெட்டியில் போடச் சொன்னார்கள்.